படப்புத்தகத்தின் ஓவியங்களில் எழுதியவருக்கு எவ்வளவு உரிமை உண்டு?

மழைக்குருவி:
வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் முதல் படப்புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. நேற்று ஓவியரின் பென்சில் வரைவுகள் மின்னஞ்சலில் வந்தன. ஆசை ஆசையாகத் திறந்தேன், கடைசிப் பக்கம் வருவதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. இது என் கதை மாதிரியே இல்லை.

கதை சின்னது. வெளியூருக்குப் படிக்கப் போன அண்ணன் தன் பழைய செருப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். தங்கை அதைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். இடது செருப்பின் வார் அறுந்துவிட, யாருக்கும் சொல்லாமல் நூலால் கட்டிக்கொள்கிறாள். அண்ணன் திரும்பி வந்ததும் அந்த முடிச்சைப் பார்க்கிறான், ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தங்கை நான்தான்.

நான் நினைத்திருந்த சிறுமிக்கு இரட்டைச் சடை. வரைந்து வந்திருப்பது குட்டையான சுருட்டை முடி. வாசலில் ஒரு மரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இவர் மூன்று மாடி ஏறிப் போகிற வீடு வரைந்திருக்கிறார். ஒரு இரட்டைப் பக்கம் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்) முழுக்க ஆளே இல்லை, மழையில் நனைகிற செருப்பு மட்டும். பாதத்தின் அளவுகூட ஒழுங்காக இல்லை, ஒரு பக்கத்தில் செருப்பில் பாதிகூட நிறையவில்லை, இன்னொரு பக்கத்தில் குதிகால் விளிம்பைத் தொடுகிறது. அப்புறம் இரண்டு பக்கங்களில் அறுந்த வார் வலது காலுக்கு மாறியிருக்கிறது, அது சின்ன விஷயம், அவர்களே திருத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

ஓவியரிடம் நேரில் பேசலாமா என்று பதிப்பகத்திடம் கேட்டேன். கருத்துகளை எங்களுக்கு அனுப்புங்கள், நாங்கள் சொல்லிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. எழுதியவள் நான். எனக்கு இதில் என்ன உரிமைதான் இருக்கிறது?

நீலமை:
விட்டுக்கொடுக்காதீர்கள். என் முதல் புத்தகத்தில் படங்களை அச்சான பிறகுதான் கண்ணால் பார்த்தேன். கதையில் அப்பா பேசமாட்டார், கையால் சைகை மொழியில்தான் பேசுவார். ஓவியர் கைகளைத் தோன்றியபடி வரைந்துவிட்டார். சைகை மொழியில் விரல் ஒன்று மாறினால் சொல்லே மாறிவிடும். காது கேளாத ஒரு குழந்தை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டாளாம். அச்சுக்கு முன்னால் ஒரே ஒரு முறை காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். இன்றுவரை அந்தப் புத்தகத்தை யாருக்கும் பரிசாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிழைதிருத்தி:
மழைக்குருவி, நான் பல வருடம் சிறார் நூல்களுக்கு எடிட்டராக இருந்தவள். நடைமுறை எப்படி என்று சொல்கிறேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இதுதான் வழக்கம்.

பதிப்பகம் வழியாக வரும் புத்தகத்தில் ஓவியரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பதிப்பகம்தான். எழுதியவரிடம் சில மாதிரிகளைக் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள், கேட்காமலும் இருப்பார்கள். அதன் பிறகு எழுதியவரும் ஓவியரும் நேரடியாகப் பேசாமல் நடுவில் எடிட்டரும் கலை இயக்குநரும் இருப்பார்கள். இது உங்களை ஒதுக்குவதற்காக ஏற்பட்ட பழக்கம் அல்ல. ஓவியருக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று விதமான திருத்தம் போனால் அவர் எதைக் கேட்பார்? எல்லாருடைய கருத்தும் ஒரே குரலாகப் போய்ச் சேர வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. எழுதியவர் மனசுக்குள் ஒரு படம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும், அதை ஓவியரிடம் நேரில் விவரித்துவிட்டால் அவர் அதற்குப் பிறகு கதையைத் தன் கண்ணால் பார்க்க முடியாது.

உரிமை என்று கேட்டீர்கள். முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஓவியங்கள் பற்றி உங்களிடம் "ஆலோசனை பெறப்படும்" என்று இருக்கிறதா, "ஒப்புதல் பெறப்படும்" என்று இருக்கிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முதலாவது என்றால் உங்களுக்குக் காட்ட வேண்டும், நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், முடிவு அவர்களுடையது. இரண்டாவது என்றால் நீங்கள் சரி சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. புதிதாக எழுத வருபவருக்கு ஒப்புதல் உரிமை கிடைப்பது அபூர்வம். ஒன்றுமே எழுதப்படவில்லை என்றால் உங்களுக்குக் காட்டுவதே அவர்களுடைய மரியாதை. நீலமைக்கு நடந்தது அநியாயம், ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் பென்சில் வரைவு கட்டத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால் அது நடந்திருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய வரி அது. கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். சடை, மரம், மாடி எல்லாம் உங்கள் கதையில் எழுத்தாக இருக்கிறதா? இல்லை என்றால் அவை உங்கள் நினைவில் இருப்பவை, கதையில் இருப்பவை அல்ல. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, அறுந்த வார் வலது காலுக்கு மாறியிருக்கிறது என்று, அதுதான் இந்தப் பட்டியலிலேயே பெரிய விஷயம். கதையின் முடிவே அந்த முடிச்சில் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தை எந்தக் கால் என்று விரல் வைத்துப் பார்க்கும். அவர்களே திருத்திவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். இன்றே எழுதுங்கள், பக்க எண்ணோடு.

மழைக்குருவி:
ஒப்பந்தத்தைப் பார்த்தேன். "ஆலோசனை" என்றுதான் இருக்கிறது. சடையும் மரமும் கதையில் எழுத்தாக இல்லை. எழுதும்போது அவை அங்கே இருப்பதாகவே நினைத்துவிட்டேன்.

கோட்டோவியன்:
நான் ஓவியன். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் நல்லதா கெட்டதா என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. பாதத்தின் அளவு ஒழுங்காக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்தப் பக்கத்தில் எவ்வளவு என்று வரிசையாகப் பார்த்தீர்களா? தயவுசெய்து ஒரு முறை சொற்களைப் படிக்காமல் படங்களை மட்டும் முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள், பாதத்துக்கும் செருப்பின் விளிம்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஒரு படப்புத்தகத்தை எப்படி வரைகிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்போது வாயைத் திறந்தால் பலன் உண்டு என்பது அதைப் பொறுத்ததுதான். பெரும்பாலான படப்புத்தகங்கள் 32 பக்கம். பெரிய தாளை அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16, 32 என்றுதான் வரும், அதனால் அந்தக் கணக்கு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போக எங்கள் கைக்கு வருவது 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே தாளில் தீப்பெட்டி அளவுக்குக் குட்டியாகக் கிறுக்கிப் பார்ப்போம். எங்கே வேகம், எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கத்தைத் திருப்பினால் திடுக்கென்று இருக்கும் என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலில் தீர்மானமாகிவிடும். அப்புறம் பென்சில் வரைவு, அப்புறம்தான் வண்ணம். பென்சில் கட்டத்தில் அழிரப்பர் போதும். வண்ணம் போட்ட பிறகு செருப்பை இடது காலுக்கு மாற்றச் சொன்னால் அந்தப் பக்கத்தையே திரும்ப வரைய வேண்டியிருக்கும், அதற்கு நாள் கணக்கில் ஆகும், கைவேலை என்றால் இன்னும் கூட. உங்களுக்கு இப்போது வந்திருப்பது பென்சில் வரைவு. சொல்வதற்குச் சரியான நேரம் இதுதான்.

ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "முகத்தை இடப்பக்கம் திருப்பி, கண்ணைப் பெரிதாக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்" என்று எழுதாதீர்கள். "இந்தப் பக்கத்தில் அவள் பயப்படுவதாக எனக்குத் தெரியவில்லை, கோபப்படுவது போல இருக்கிறது" என்று எழுதுங்கள். பிரச்சினையைச் சொன்னால் அதைத் தீர்ப்பது எங்கள் தொழில். தீர்வைச் சொன்னால் நாங்கள் உங்கள் கையாக மட்டும் ஆகிவிடுகிறோம், அந்தப் படத்தில் உயிர் இருக்காது.

நான் இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு படப்புத்தகத்தின் எழுத்தை எழுத எனக்கும் தெரியாது, அது கடினமான வேலை. ஆனால் படங்களை வரைய எனக்குப் பல மாதம் ஆகிறது, சில சமயம் ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் அந்தச் சிறுமியோடு இருப்பவன் நான். அவள் எனக்கும் சொந்தம்.

இரவுவாசகி:
நான் எழுதுபவளும் அல்ல, வரைபவளும் அல்ல. தினமும் இரவு இரண்டு குழந்தைகளுக்குப் படித்துக்காட்டுகிறவள். கோட்டோவியன் சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. பாட் ஹட்சின்ஸ் 1968 இல் வெளியிட்ட "ரோஸிஸ் வாக்" பார்த்திருக்கிறீர்களா? ஒரு கோழி உலாவப் போகிறது. மொத்தம் 32 சொற்கள்தான். பின்னாலேயே நரி வருகிறது, ஆனால் எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. நான் படித்துக்கொண்டே போவேன், என் சின்னவன் "நரி! நரி!" என்று பக்கத்தைத் தட்டுவான். படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரிகிறது, படிக்கிற எனக்குத் தெரியாதது போல நான் நடிக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை எழுத்து கொடுக்கவில்லை, எழுத்து வாயை மூடிக்கொண்டிருந்ததால் கிடைத்தது.

நீலமை:
அந்தப் புத்தகத்தில் எழுதியதும் வரைந்ததும் ஒரே ஆள். அவருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாங்கள் வரையத் தெரியாதவர்கள், எங்கள் நரியை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். அந்த நரி அங்கே வர வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது?

பிழைதிருத்தி:
நல்ல கேள்வி. அதற்குத்தான் ஓவியக் குறிப்பு இருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒன்று படத்தில் இருந்தால்தான் கதையே புரியும் என்றால் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதலாம். எடுத்துக்காட்டாக, எழுத்தில் "எங்கள் வீட்டில் யாருமே குறும்பு செய்வதில்லை" என்று இருக்கிறது, பக்கத்தில் (பூனை திரைச்சீலையில் தொங்குகிறது) என்று குறிப்பு. இது இல்லாவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமே வேறு. ஆனால் (அவள் நீலப் பாவாடை கட்டியிருக்கிறாள்) என்று எழுதினால் எடிட்டர் கோடு போட்டு அடிப்பார், பாவாடையின் நிறத்தால் கதையில் ஏதாவது மாறினால் ஒழிய. 14 இரட்டைப் பக்கத்துக்கும் குறிப்பு எழுதி வருகிற கையெழுத்துப் பிரதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் படிக்கும்போதே ஓவியருக்கு இங்கே இடமில்லை என்று தெரிந்துவிடும்.

நீங்கள் சொன்ன சைகை மொழிக்குக் குறிப்பு அவசியம், அதோடு கைகளின் புகைப்படங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். உண்மை விவரம் எதிலிருந்தாலும் எழுதியவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு கால், சக்கர நாற்காலியை அதில் இருப்பவரே தள்ளுவது எப்படி, இதிலெல்லாம் ரசனைக்கு வேலையே இல்லை.

தனிவழி:
எல்லாரும் பதிப்பகம் பற்றியே பேசுகிறீர்கள். நான் சொந்தமாக வெளியிட்டவள். ஓவியருக்குச் சம்பளம் கொடுத்தது நான், எனவே முழு உரிமையும் என்னிடம். அது எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

முதல் இரட்டைப் பக்கத்துக்கு மட்டும் பதினோரு திருத்தம் அனுப்பினேன். மேகம் அதிகம், புல் குறைவு, பையனின் சட்டையில் கோடு வேண்டாம், புன்னகை போதவில்லை. அவர் பொறுமையாக எல்லாவற்றையும் செய்துகொடுத்தார். ஆறாவது பக்கம் வரும்போது அவர் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். முதலில் அனுப்பியிருந்த குட்டிக் கிறுக்கலில் பையன் மேசைக்கு அடியில் ஒளிந்திருப்பான், அவனுடைய ஒரு கால் விரல் மட்டும் வெளியே தெரியும். நான் "முகம் தெரிய வேண்டும்" என்று சொல்லி அவனை வெளியே எடுத்துவிட்டேன். புத்தகம் வந்த பிறகு பழைய மின்னஞ்சலில் அந்தக் கிறுக்கலைப் பார்த்தேன். அந்தக் கால் விரலில் இருந்த குறும்பு என் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எல்லாப் பக்கத்திலும் பையன் நேராக நின்று சிரிக்கிறான்.

அடுத்த புத்தகத்துக்கு வேறு மாதிரி செய்தேன். பென்சிலில் இரண்டு சுற்று, வண்ணத்தில் ஒரு சுற்று, அதற்கு மேல் போனால் கூடுதல் ஊதியம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாரம் காத்திருந்து, அந்த வாரக் கடைசியிலும் உறுத்துவதை மட்டும் எழுதினேன். முதல் நாள் எழுதிய பட்டியலில் பாதிக்கு மேல் தானாகவே போய்விட்டது.

இன்னொன்று, காசு கொடுத்து வரைய வைத்தால் படம் நம்முடையது என்று நினைக்கிறார்கள். எழுத்தில் மாற்றிக்கொள்ளாவிட்டால் பல நாடுகளில் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், நமக்குப் புத்தகத்தில் பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். அந்தப் படத்தைச் சுவரொட்டியாகவோ சட்டையிலோ போட வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டோவியன்:
தனிவழி, இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார் என்றீர்களே, நானும் அப்படி நிறுத்தியிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்குப் பிறகு வேலை முடிந்தால் போதும் என்று ஆகிவிடும்.

சேர்த்து ஒன்று: பதிப்புரிமை பற்றிப் பல நாடுகள் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையின் 6பிஸ் பிரிவுப்படி, பதிப்புரிமையை விற்ற பிறகும் படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்புக்குக் கேடு செய்தால் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு. ஓவியருக்கும் அது பொருந்தும். நாங்கள் கொடுத்த கோப்பை எடுத்து நீங்களே தலையை வெட்டி ஒட்டிக்கொள்ளக் கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் எனக்கு நடந்திருக்கிறது.

நீலமை:
சரி, ஓவியர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்போதும் எழுதியவர்தான் வாயை மூட வேண்டும் என்பது போல இந்த இழை போவது எனக்குப் பிடிக்கவில்லை. ரோல்ட் டால் "பிஎஃப்ஜி" என்ற பூதக் கதையை எழுதியபோது அந்தப் பூதத்தின் காலில் எதை மாட்டுவது என்று சரியாக அமையவில்லை. டால் தன்னுடைய பழைய செருப்பு ஒன்றையே பார்சலில் ஓவியர் குவென்டின் பிளேக்குக்கு அனுப்பிவைத்தார். புத்தகத்தில் பூதம் போட்டிருப்பது அந்த மாதிரிச் செருப்புதான். 1982 இல் வந்த புத்தகம். எழுதியவர் சொன்னதால் படம் நன்றாக ஆனது.

பிழைதிருத்தி:
ஆமாம், ஆனால் அவர் அனுப்பியது ஒரு பொருள். இப்படி வரை என்ற கட்டளை அல்ல. அதை எப்படிப் பார்ப்பது என்பது பிளேக்கின் கையில் இருந்தது. மழைக்குருவியிடம் அந்த அண்ணனின் செருப்பு இன்னும் இருந்தால் ஒரு புகைப்படம் எடுத்து எடிட்டருக்கு அனுப்பலாம், அதை நான் தாராளமாகச் சொல்வேன்.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல், அதற்குப் படம் வரைந்த டென்னியல் ஜோடியைப் பாருங்கள். 1865 இல் ஆலிஸ் முதலில் அச்சானபோது படங்கள் அச்சான விதம் டென்னியலுக்குப் பிடிக்கவில்லை, கரோல் 2,000 பிரதிகளை நிறுத்திவிட்டுத் திரும்ப அச்சடித்தார். அடுத்த புத்தகத்தில் விக் வைத்த குளவி ஒன்று வரும் பகுதி இருந்தது. அதை வரைய எனக்கு வழி தெரியவில்லை, அந்தப் பகுதியில் சுவாரசியமும் இல்லை என்று டென்னியல் 1870 இல் கடிதம் எழுதினார். கரோல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார். அதன் அச்சுப் படிவம் 1974 இல் ஏலத்துக்கு வந்த பிறகுதான் அதில் என்ன இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஓவியர் சொல்லி எழுத்து மாறியது. அந்த இடத்தில் எழுதியவர் காது கொடுத்தார்.

மழைக்குருவி:
நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

கோட்டோவியன் அண்ணா, நீங்கள் சொன்னபடி எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டினேன். முதல் பக்கத்தில் செருப்புக்குள் அவள் பாதம் பாதிதான். மூன்றாவது இரட்டைப் பக்கத்தில் கொஞ்சம் கூட. மழைப் பக்கத்துக்கு அடுத்ததில் இன்னும் கூட. அண்ணன் வருகிற பக்கத்தில் குதிகால் விளிம்பைத் தொடுகிறது. ஒழுங்கில்லாமல் இல்லை, அவள் வளர்ந்துகொண்டே வருகிறாள். நான் பக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை. அண்ணன் எத்தனை நாள் வரவில்லை என்று காட்டுவதற்கு அவர் ஒரு கடிகாரமோ நாள்காட்டியோ வரையவில்லை, அவள் பாதத்தை வரைந்திருக்கிறார். அன்று இரவு ரொம்ப நேரம் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என் எழுத்தில் "ஒரு வருடம் போனது", "இன்னும் ஒரு வருடம் போனது" என்று இரண்டு வரிகள் இருந்தன. இரண்டையும் எடுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டேன். மழைப் பக்கத்திலும் எழுத்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வார் பற்றிப் பக்க எண்ணோடு எழுதினேன். எடிட்டர் உடனே நன்றி சொல்லிப் பதில் அனுப்பினார், அவர்களும் கவனிக்கவில்லையாம். சடையைப் பற்றி எழுதவில்லை. அது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். செருப்பு என்னிடம் இல்லை, எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் நூல் முடிச்சை எப்படிப் போட்டேன் என்று ஒரு பழைய வாரில் கட்டிப் புகைப்படம் எடுத்து அனுப்பினேன், ஓவியருக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்று தகவல் வந்தது.

இன்று திருத்திய வரைவு வந்தது. இரண்டு பக்கத்திலும் வார் இடது காலுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். அண்ணன் குனிந்து பார்க்கிற கடைசி இரட்டைப் பக்கத்தில் முடிச்சு சரியாக நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சேர்கிற இடத்தில். கணினியில் பார்க்க அழகாக இருக்கிறது. புத்தகமாகத் தைத்த பிறகு அது மடிப்புக்குள் போய்விடாதா? இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமா?

கோட்டோவியன்:
இல்லவே இல்லை, இப்போதே சொல்லுங்கள். நடு மடிப்பு எதையும் விழுங்கிவிடும், முகமோ விரலோ முடிச்சோ அங்கே வரவே கூடாது. எந்தப் பக்கமாவது இரண்டு விரல் அகலம் தள்ளினால் போதும், எந்தப் பக்கம் என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். வண்ணம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும், இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

மழைக்குருவி:
அனுப்பிவிட்டேன்.